டிலே போட்டதும் புரோகிராம் ஹேங் ஆகுதா? அறிகுறி வாரியாகச் சரிசெய்வது

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை பில்லிங், காசிமேட்டில் மீன் கூடையை எடை போட்டுச் சீட்டு அடிக்கிற புரோகிராம், பெரம்பூரில் ஒரு கிளினிக்குக்கு டோக்கன் பலகை. இந்தப் பக்கம் ஓடுகிற சின்ன டெஸ்க்டாப் புரோகிராம்கள் பெரும்பாலும் ஒரே ஆள் எழுதி, அவரே போனில் சப்போர்ட்டும் கொடுப்பவை. எதை எடுத்தாலும் உள்ளே எங்காவது 'கொஞ்ச நேரம் கழித்து இதைச் செய்' என்று ஒரு வரி இருக்கும். டோக்கன் எண் 5 செகண்ட் நின்று மறையணும், தராசு எண் ஆடி அடங்கும்வரை பொறுக்கணும், 'பில் சேவ் ஆனது' என்ற செய்தி தானாகப் போகணும். போன் வருவதில் பாதி இந்த வரியால்தான்.

விஷயம் இவ்வளவுதான். ஜன்னல் வைத்த எந்தப் புரோகிராமிலும் ஒரே ஒரு த்ரெட்தான் (புரோகிராமுக்குள் ஓடும் ஒரு வேலை ஓட்டம்) கிளிக், கீபோர்டு, திரையை மறுபடி வரைவது எல்லாவற்றையும் வரிசையில் ஒன்றொன்றாக எடுத்துப் பார்க்கிறது. இப்படி எடுத்துப் பார்த்துக்கொண்டே சுற்றுவதற்குப் பெயர் ஈவென்ட் லூப். அந்த த்ரெட்டிலேயே 'ஸ்லீப்' ('இத்தனை செகண்ட் எதுவும் செய்யாமல் நில்') போட்டீர்கள் என்றால் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை மூடின கதைதான். பின்னால் வருவது ஆட்டோவா ஆம்புலன்ஸா என்றெல்லாம் பேச்சே இல்லை, எல்லாம் நிற்கும். ஒரு ஜன்னல் 5 செகண்டுக்கு மேல் செய்திகளை எடுக்காமல் இருந்தால் விண்டோஸ் அதை வெளுக்கவைத்துத் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடும். அதனால்தான் 2 செகண்ட் ஸ்லீப் போட்டவருக்குக் கொஞ்சம் மந்தம் என்று மட்டும் தோன்றும், அதையே யாரோ 8 ஆக்கினதும் 'புரோகிராம் செத்துப்போச்சு' என்று போன் வரும். ரெண்டுமே ஒரே வியாதி.

எதையும் மாற்றும் முன் ஒரு சின்னச் சோதனை. உறைந்திருக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு எவ்வளவு எடுக்கிறது என்று பாருங்கள். கிட்டத்தட்ட 0 என்றால் எங்கோ தூங்குகிறது, இல்லை எதற்காகவோ காத்திருக்கிறது. 4 கோர் மெஷினில் 25 சதவீதத்தை ஒட்டியே நின்றால் ஒரு லூப் ஒரு கோரை முழுசாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. பைத்தான் ஆள் என்றால் 'ஃபால்ட்ஹேண்ட்லர்' மாட்யூலில் 'டம்ப் ட்ரேஸ்பேக் லேட்டர்' என்று ஒன்று உண்டு. ஆரம்பத்தில் அதற்கு 10 என்று கொடுத்துவிட்டு அந்த 10 செகண்டுக்குள் உறைய வையுங்கள், அந்த நிமிஷம் எந்த வரியில் நிற்கிறது என்று கன்சோலில் கொட்டிவிடும். விஷுவல் ஸ்டுடியோ என்றால் 'பிரேக் ஆல்' போதும்.

கீழே கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், எடிட்டரில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள். உதாரணங்கள் பெரும்பாலும் பைத்தானும், அதில் ஜன்னல் வைக்க உதவும் டிகின்டரும். சி ஷார்ப், விபி6 (பழைய விஷுவல் பேசிக்) ஆட்களுக்கும் அங்கங்கே சொல்கிறேன்.

பட்டனை அமுக்கினதும் வெளுத்துப்போகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிறது

எல்லோரும் முதலில் மாட்டுவது இதில்தான். கோடு இப்படி இருக்கும்:

டெஃப் அழை():
    பலகை.கான்ஃபிக்(டெக்ஸ்ட்="டோக்கன் 27")
    டைம்.ஸ்லீப்(5)
    பலகை.கான்ஃபிக்(டெக்ஸ்ட்="")

படித்தால் சரியாகத்தான் இருக்கிறது: காட்டு, பொறு, அழி. ஆனால் நடுவரி முடியும்வரை ஃபங்ஷன் முடியாது, ஃபங்ஷன் முடியும்வரை ஈவென்ட் லூப்புக்குத் திரும்பாது. பொறுப்பதை நீங்கள் செய்யக்கூடாது. பொறுத்த பிறகு நடக்கவேண்டியதைத் தனி ஃபங்ஷனாக வெட்டி எடுத்து, 'இவ்வளவு நேரம் கழித்து இதைக் கூப்பிடு' என்று லூப்பிடம் ஒப்படைத்துவிட்டு உடனே வெளியே வந்துவிடணும்:

டெஃப் அழை():
    பலகை.கான்ஃபிக்(டெக்ஸ்ட்="டோக்கன் 27")
    ரூட்.ஆஃப்டர்(5000, அழி)

டெஃப் அழி():
    பலகை.கான்ஃபிக்(டெக்ஸ்ட்="")

(பைத்தான் 3-இல் ஃபங்ஷன் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், ஓடும். கடைசியில் கிளையன்ட்டுக்குப் புரியுமோ புரியாதோ, எனக்குப் புரியும்.)

பலகை என்பது எண்ணைக் காட்டும் லேபிள், ரூட் என்பது முதன்மை ஜன்னல். ஸ்லீப் எடுப்பது செகண்ட், ஆஃப்டர் எடுப்பது மில்லிசெகண்ட். 5 என்று அப்படியே மாற்றி எழுதிவிட்டு 'எண் வரவே இல்லை' என்று தேடுவார்கள். வந்தது, 5 மில்லிசெகண்டில் போய்விட்டது.

அடுத்து, ஆஃப்டர் வரிக்குக் கீழே நீங்கள் எழுதும் எதுவும் காத்திருக்காது, உடனே ஓடும். பழைய ஃபங்ஷனில் ஸ்லீப்புக்குக் கீழே இருந்த அத்தனை வரிகளையும் புது ஃபங்ஷனுக்குள் கொண்டுபோகணும். ஒன்றை மட்டும் கொண்டுபோய் மற்றதை விட்டுவிட்டால் வரிசை குழம்பும்.

ஃபார் லூப்புக்குள் ஸ்லீப் இருந்தால் என்ன செய்வது? எண் 6 தடவை மின்னணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபார் லூப்பைக் கலைத்துவிட்டு, 'மின்னு' என்று ஒரு ஃபங்ஷன், அதற்கு மீதி எத்தனை தடவை என்று ஒரு எண். உள்ளே வந்ததும் மீதி 0 என்றால் திரும்பிவிடு. இல்லையென்றால் நிறத்தை மாற்று, அப்புறம் ரூட்.ஆஃப்டர்(400, மின்னு, மீதி - 1). நிறம் போவது ஒன்று, வருவது ஒன்று என்பதால் 6 தடவைக்கு 12 என்று ஆரம்பியுங்கள். பார்க்க ரிகர்ஷன் (ஃபங்ஷன் முடியும் முன்பே தன்னையே கூப்பிடுவது) மாதிரி இருந்தாலும் இது ரிகர்ஷன் இல்லை, ஒவ்வொரு அழைப்பும் முழுசாக முடிந்து ஈவென்ட் லூப்புக்குப் போய்விட்டுத்தான் அடுத்தது வரும், பாதியில் நிற்கும் அழைப்புகளின் அடுக்கு (ஸ்டாக்) வளராது.

சி ஷார்ப் ஆட்களுக்கு இந்த வெட்டி ஒட்டும் வேலை கிடையாது. 2012-இல் சி ஷார்ப் 5 வந்ததிலிருந்து ஃபங்ஷனுக்கு முன்னால் 'அசிங்க்' போட்டு, ஸ்லீப் இருந்த இடத்தில் 'அவெயிட் டாஸ்க்.டிலே(5000)' என்று எழுதினால் போதும். வெட்டுகிற வேலையைக் கம்பைலரே பார்த்துக்கொள்கிறது. கியூடி என்ற ஜன்னல் லைப்ரரியில் 'கியூடைமர்.சிங்கிள்ஷாட்', ஜாவா ஸ்விங்கில் 'ஸ்விங் டைமர்'. பெயர்தான் வேறு, எல்லாம் இதே ஒப்படைப்புதான்.

ஆஃப்டருக்கு மாற்றிவிட்டேன், ஆனாலும் உறைகிறது. எண்ணும் உடனே அழிந்துவிடுகிறது

ஆஃப்டர் வரியை உற்றுப் பாருங்கள். ரூட்.ஆஃப்டர்(5000, அழி()) என்று இருக்கிறதா? அந்தக் காலி அடைப்புக்குறிதான் வில்லன். அடைப்புக்குறி போட்டால் 'இந்த ஃபங்ஷனை ஞாபகம் வைத்துக்கொள்' என்று அர்த்தம் இல்லை, 'இப்பவே ஓட்டு' என்று அர்த்தம். அழி ஓடி முடிந்து எதையும் திருப்பித் தராது, அதாவது 'நன்'. ஆக ஆஃப்டருக்குப் போய்ச் சேர்வது 5000-மும் ஒரு நன்னும். கூப்பிட ஃபங்ஷன் எதுவும் இல்லாமல் நேரம் மட்டும் கிடைத்தால் டிகின்டரின் ஆஃப்டர் அப்படியே ஸ்லீப் மாதிரி 5 செகண்ட் நின்றுவிடும். இது அதன் வழக்கமான குணமே தவிர பிழை இல்லை, எந்த எரரும் வராது. அதனால்தான் மணிக்கணக்காகத் தேடவைக்கிறது.

தன்னையே மறுபடி கூப்பிடும் ஃபங்ஷனில் இதே அடைப்புக்குறியைப் போட்டால் நல்லவேளை, சத்தம் போடும்: 1000 ஆழம் தாண்டியதும் 'மேக்சிமம் ரிகர்ஷன் டெப்த்' என்று எரர்.

ஃபங்ஷனுக்கு ஏதாவது மதிப்பு அனுப்பணும் என்பதற்காகத்தான் நிறையப் பேர் அடைப்புக்குறி போடுகிறார்கள். அதற்குக் காற்புள்ளி போட்டுப் பின்னால் எழுதினால் போதும்: ரூட்.ஆஃப்டர்(5000, அழி, 27).

'காத்திருக்கவும்' என்று எழுதினேன், அது திரையில் வரவே இல்லை

லேபிளின் எழுத்தை மாற்றுவது வேறு, திரையில் வரைவது வேறு. மாற்றினதும் 'இதை வரையணும்' என்று ஒரு குறிப்பு வரிசையில் சேர்கிறது, அவ்வளவுதான். லூப்புக்குத் திரும்பினால்தான் வரையப்படும். நடுவில் பாரமான வேலையைச் செய்துவிட்டு முடிவில் 'முடிந்தது' என்று மாற்றினால், பார்ப்பவர் கண்ணுக்குக் கடைசி எழுத்து மட்டும்தான் தெரியும். வேலைக்கு முன்னால் 'அப்டேட் ஐடில்டாஸ்க்ஸ்' ஒன்று போட்டால் எழுத்து வந்துவிடும். ஒட்டுப்போடுவதுதான், அரை செகண்ட் வேலைக்கு ஓகே. அதைவிட நீளமான வேலை என்றால் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

உறையவில்லை, ஆனால் ஒரே கூடைக்கு ரெண்டு சீட்டு அடிக்கிறது

காசிமேட்டுப் புரோகிராமில் பார்த்தது. பழைய விபி6, வேறு யாரோ எழுதியது. தராசு எண் அடங்க 3 செகண்ட் பொறுத்துவிட்டுச் சீட்டு அடிக்கணும், அதற்கு ஒரு லூப்: நேரம் ஆகும்வரை 'டூஈவென்ட்ஸ்', 'டூஈவென்ட்ஸ்' என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஜன்னல் உறையாது, நகர்த்தலாம், எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஏல நேரத்தில் சீட்டு அடிக்கிற பையன் ஈரக்கையோடு பட்டனை ஒரு தடவை தட்டுவான், சீட்டு வரவில்லையே என்று இன்னொரு தடவை தட்டுவான். 'அண்ணே, ஒரே கூடைக்கு ரெண்டு சீட்டு வருதுண்ணே, முதலாளி கத்துறாரு' என்று போன்.

நடப்பது என்னவென்றால், டூஈவென்ட்ஸ் வரிசையில் இருப்பதையெல்லாம் எடுத்து ஓட்டும், அதில் அந்த ரெண்டாவது கிளிக்கும் உண்டு. முதல் கிளிக்கின் ஃபங்ஷன் பாதியில் நிற்க, அதற்குள்ளேயே அதே ஃபங்ஷன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. உள்ளே போனது முடிந்து சீட்டு அடித்த பிறகு வெளியே இருந்தது எழுந்து அதுவும் அடிக்கிறது. டிகின்டரில் 'அப்டேட்', கியூடியில் 'பிராசஸ் ஈவென்ட்ஸ்', சி ஷார்ப் ஆட்கள் ஜன்னல் வைக்கும் வின்ஃபார்ம்ஸில் 'அப்ளிகேஷன்.டூஈவென்ட்ஸ்' எல்லாம் இதே ஜாதிதான். இணையத்தில் இதைத்தான் முதல் தீர்வாகச் சொல்வார்கள். எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது, கண்ணுக்குத் தெரிகிற நோயைக் கணக்கு நோட்டுக்குள் தள்ளிவிடுகிற வைத்தியம். போதாக்குறைக்குச் சிபியு ஃபேன் வேறு கத்தும்.

சரிசெய்ய: லூப்பைத் தூக்கிவிட்டு ஒரு டைமர் கன்ட்ரோல் வையுங்கள். பட்டன் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே பட்டனை முடக்குங்கள், சீட்டு அடித்து முடித்த பிறகு திறந்துவிடுங்கள். டைமருக்கு மாறினாலும் இந்த முடக்குதல் வேண்டும், ஏனென்றால் இப்போது ஜன்னல் உயிரோடு இருக்கிறது, 3 செகண்டில் கிளிக் தாராளமாக வரும்.

அதே லூப்பில் இன்னொரு குண்டும் இருந்தது. விபி6-இன் 'டைமர்' ஃபங்ஷன் தருவது நள்ளிரவிலிருந்து எத்தனை செகண்ட் ஆனது என்ற கணக்கு. ஒரு நாளுக்கு 86400, ராத்திரி 12 மணிக்கு மறுபடி 0. இரவு 11:59:58-க்குப் பட்டனைத் தட்டினால் ஆரம்பம் 86398, அதோடு 3 சேர்த்தால் 86401. அந்த எண் வரவே வராது, லூப் முடியவே முடியாது. பகலில் மட்டும் திறக்கும் கடையில் இந்தப் பிழை ஆயுசுக்கும் வெளியே வந்திருக்காது. மீன் வியாபாரம் நடு ராத்திரியிலேயே களைகட்டிவிடும், அங்கே வந்தே தீரும். பைத்தானிலும் காலக் கணக்குக்கு 'டைம்.டைம்' வேண்டாம், யாராவது சிஸ்டம் கடிகாரத்தை மாற்றினால் குழம்பிவிடும்; 'டைம்.மோனோடோனிக்' முன்னால் மட்டும்தான் போகும்.

விபி6 டைமர் கன்ட்ரோலின் 'இன்டர்வல்' 65535 மில்லிசெகண்டைத் தாண்டாது, அதாவது 65 செகண்ட் சொச்சம். 10 நிமிடம் வேண்டுமென்றால் 60000 வைத்து 10 வரை எண்ணிக்கொள்ளுங்கள்.

கவுன்ட்டவுன் போகப்போக வேகமாக ஓடுகிறது

'ஸ்டார்ட்' பட்டனை ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் தன்னையே ஆஃப்டரில் மறுபடி மறுபடி வைத்துக்கொள்ளும் ஒரு புதுச் சங்கிலி ஆரம்பிக்கிறது, பழையதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்று சங்கிலி சேர்ந்து ஒரே எண்ணைக் குறைத்தால் செகண்டுக்கு மூன்று குறையும். ஆஃப்டர் திருப்பித் தரும் அடையாளத்தை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு, புதிதாகத் தொடங்கும் முன் 'ஆஃப்டர் கேன்சல்' போடுங்கள்.

வின்ஃபார்ம்ஸில் டைமரைப் பட்டன் ஃபங்ஷனுக்குள் ஒவ்வொரு தடவையும் புதிதாக உண்டாக்கினால், இல்லை 'டிக்' ஈவென்ட்டை ஒவ்வொரு தடவையும் பிளஸ்-ஈக்வல் போட்டுச் சேர்த்துக்கொண்டே போனால், இதே கூத்து நடக்கும். ஃபார்மில் ஒரு டைமர், ஒரு தடவை இணைப்பு, அப்புறம் 'ஸ்டாப்', 'ஸ்டார்ட்' மட்டும்.

கடிகாரம் மெல்லப் பின்தங்குகிறது

ஆஃப்டர்(1000) என்றால் சரியாக 1000 மில்லிசெகண்டில் என்று இல்லை, குறைந்தது அவ்வளவு கழித்து, கை ஒழிந்தபோது என்று அர்த்தம். விண்டோஸின் உள்கடிகாரம் வழக்கமாக 15.6 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் துடிக்கிறது. வின்ஃபார்ம்ஸ் டைமர் 55 மில்லிசெகண்டுக்குக் கீழே துல்லியம் தராது என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. கியூடைமர் இயல்பாக 5 சதவீதம் முன்பின் போகும், 1000-க்கு 50 வரை. ஒவ்வொரு துடிப்பிலும் சேரும் சிறு தாமதம் மணிக்கணக்கில் ஓடும்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

துடிப்பை எண்ணாதீர்கள். ஆரம்பித்த நேரத்தை மோனோடோனிக்கில் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு துடிப்பிலும் இப்போதைய நேரத்திலிருந்து கழித்து அதைத் திரையில் காட்டுங்கள். 200 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். ஒரு துடிப்பு தவறினாலும் அடுத்தது சரியான எண்ணைக் காட்டும்.

10 டிலே போட்டேன், எல்லாம் கடைசி எண்ணையே காட்டுகிறது

ஃபார் லூப்புக்குள் லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) எழுதியிருப்பீர்கள். லாம்டா ஓடும்போதுதான் எண்ணைப் பார்க்கும், அதற்குள் லூப் முடிந்து எண் கடைசிக்குப் போயிருக்கும். லாம்டா வேண்டாம், மேலே சொன்ன மாதிரி காற்புள்ளி போட்டு எண்ணை நேரடியாகக் கொடுங்கள்.

ஜன்னலை மூடின பிறகு எரர் வருகிறது

'இன்வாலிட் கமாண்ட் நேம்' என்று வந்து அதில் உங்கள் ஃபங்ஷன் பெயர் தெரிந்தால், ஜன்னல் போய்விட்டது, ஒப்படைத்த வேலை மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. மூடும்போது ஓடும் ஃபங்ஷனில் முதலில் ஆஃப்டர் கேன்சல், அப்புறம் டிஸ்ட்ராய். சி ஷார்ப்பில் அவெயிட் தாண்டி வந்ததும் ஃபார்ம் 'இஸ்டிஸ்போஸ்ட்' ஆகிவிட்டதா என்று ஒரு வரி பாருங்கள்.

டைமர் ஓடவே இல்லை

வின்ஃபார்ம்ஸ் டைமர் பிறக்கும்போது அணைந்தேதான் இருக்கும், ஸ்டார்ட் சொன்னீர்களா? பைக்யூடி (பைத்தானில் கியூடி) என்றால் கியூடைமரை ஃபங்ஷனுக்குள் சும்மா ஒரு வேரியபிளில் வைத்தீர்களா? ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அதைக் குப்பையில் போட்டுவிடும், ஒரு தடவைகூடத் துடிக்காமல் போய்ச் சேர்ந்துவிடும். 'செல்ஃப்' போட்டு ஜன்னலோடு கட்டிவையுங்கள்.

5 செகண்ட் இல்லை, நிரந்தரமாகவே உறைந்துவிட்டது

சி ஷார்ப்பில் அசிங்க் ஃபங்ஷனைப் பட்டனிலிருந்து கூப்பிட்டு, பின்னால் 'வெயிட்' அல்லது 'ரிசல்ட்' போட்டிருப்பீர்கள். உள்ளே இருக்கும் அவெயிட் டிலே முடிந்ததும் யூஐ த்ரெட்டுக்கு (ஜன்னலைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஒரே த்ரெட்) திரும்பப் பார்க்கிறது. யூஐ த்ரெட்டோ அந்த ஃபங்ஷன் முடியட்டும் என்று கட்டிப்போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று காத்திருந்தால் விடிவு கிடையாது. பட்டன் ஃபங்ஷனையும் அசிங்க் ஆக்கி, அங்கும் அவெயிட் போடுங்கள்.

ஸ்லீப்பே இல்லை, ஆனாலும் உறைகிறது

இங்கே டைமர் உதவாது. டைமர் கூப்பிடுகிற ஃபங்ஷனும் அதே யூஐ த்ரெட்டில்தான் ஓடுகிறது. அது தானே 4 செகண்ட் எடுத்தால் 4 செகண்ட் உறையத்தான் செய்யும். பெரும்பாலும் வெளிச்சாதனம் ஏதாவது காரணமாக இருக்கும்: பதில் சொல்லாத நெட்வொர்க் பிரின்டர், அடுத்த மாடியில் இருக்கும் டேட்டாபேஸ், சீரியல் கேபிளில் மாட்டிய தராசு. சீரியல் கேபிளைப் படிக்கும் பைத்தான் மாட்யூலான பைசீரியலில் 'டைம்அவுட்' எதுவும் கொடுக்காமல் 'ரீட்லைன்' போட்டால், தராசு ஒரு வரி அனுப்பும்வரை அது அப்படியே நிற்கும். தராசின் கேபிள் கழன்றால் முழுப் புரோகிராமும் நின்றுவிடும், முதலாளி புரோகிராமைத்தான் திட்டுவார்.

படிக்கிற வேலையைத் தனி த்ரெட்டில் போடுங்கள். அந்த த்ரெட்டுக்குள் ஸ்லீப் தாராளமாகப் போடலாம், அங்கே யாருக்கும் வழி மறிக்காது. ஆனால் அங்கிருந்து லேபிளைத் தொடாதீர்கள். டிகின்டரில் சில சமயம் ஓடும், சில சமயம் 'மெயின் த்ரெட் இஸ் நாட் இன் மெயின் லூப்' என்று விழும். அந்தச் சில சமயம் எப்போதும் கடைக்காரர் முன்னால்தான் வரும். படித்த எடையை ஒரு 'கியூ'வில் (த்ரெட்டுகளுக்கு நடுவே கைமாற்றும் வரிசை) போட்டுவிடுங்கள். யூஐ பக்கம் ஆஃப்டர்(100) வைத்து, கியூவில் ஏதாவது வந்திருக்கிறதா என்று காத்திருக்காமல் எட்டிப் பார்க்கும் 'கெட் நோவெயிட்' போடுங்கள். வந்திருந்தால் லேபிளில் எழுதுங்கள், காலி என்றால் எழும் எரரை விழுங்கிவிட்டு மறுபடி ஆஃப்டர் வையுங்கள். அந்த மறுபடி வைக்கும் வரி எரர் வந்தாலும் ஓடுகிற இடத்தில் இருக்கணும், இல்லையென்றால் முதல் காலி கியூவிலேயே சங்கிலி அறுந்துவிடும். சி ஷார்ப்பில் வேறு த்ரெட்டிலிருந்து கன்ட்ரோலைத் தொட்டால் 'கிராஸ்-த்ரெட்' எரர் வரும், அங்கே 'இன்வோக்' வழியாக அனுப்புங்கள்.

த்ரெட்டை உண்டாக்கும்போது 'டீமன்' என்பதை ட்ரூ என்று வைக்க மறக்காதீர்கள். வைக்காவிட்டால் ஜன்னலை மூடின பிறகும் டாஸ்க் மேனேஜரில் பைத்தான் ஓடிக்கொண்டே இருக்கும், சீரியல் போர்ட்டையும் பிடித்து வைத்திருக்கும். மறுபடி புரோகிராமைத் திறந்தால் போர்ட் கிடைக்காது, 'ஆக்சஸ் டினைட்' என்று நிற்கும்.